சத்தம் போடாத டீஹியூமிடிஃபையர் தேடிய குடும்பம்: ஈரம் ஏறிய இரண்டு அறைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தரைத்தளத்தில் அடுத்தடுத்து இரண்டு அறைகள், நடுவில் ஒரு கதவு. பெரிய அறையில் பாட்டியும் பேத்தியும் படுக்கிறார்கள். ஒட்டியுள்ள சிறிய அறையில் பழைய புத்தகங்கள், பெட்டிகள், மழை நாட்களில் துணி காயப்போடும் கொடி. மகனும் மருமகளும் மாடியில். வெயில் படாத பக்கம் என்பதால் இரண்டு அறைகளிலும் சுவர் எப்போதும் சில்லென்று இருக்கும்.

பிரச்சினை மெல்லத்தான் ஆரம்பித்தது. பீரோவைத் திறந்தால் பூசண வாடை. தோல் செருப்பில் வெண்மையாகப் படிந்த பூஞ்சை. பிறகு ஒருநாள் பீரோவை நகர்த்தியபோது பின்சுவரில் கரும்புள்ளிகள் ஓர் ஆள் உயரத்துக்கு. பேத்திக்குக் காலையில் எழுந்ததும் தும்மல். பாட்டிக்குத் தூக்கம் மிக லேசு. பக்கத்து அறையில் சுவிட்ச் போட்டாலே விழித்துக்கொள்வார். அதனால் மருமகள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: "ஈரம் போகணும், ஆனா அத்தை தூக்கம் கெடக் கூடாது."

யோசனை சொல்ல நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு டீஹியூமிடிஃபையர்களை, அதாவது அறைக் காற்றின் ஈரத்தைத் தண்ணீராகப் பிடித்தெடுக்கும் கருவிகளை, அவர்கள் பார்த்துவிட்டிருந்தார்கள். முதலாவது "சத்தமே இல்லாதது" என்ற விளம்பரத்தை நம்பி வாங்கிய சிறிய பெல்டியர் வகை (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் சிறு தகடு கொண்டது). இரண்டாவது உறவினரிடம் இரவல் வாங்கிய, ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று எழுதிய, ஃபிரிஜ்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரஸர் வகை. முதலாவதால் ஈரம் குறையவில்லை. இரண்டாவதைப் பாட்டி நள்ளிரவில் எழுந்து நிறுத்திவிடுவார்.

முதலில் பார்த்தவை

அறையில் இருந்த ஈரப்பத மானி 62 சதவீதம் காட்டியது. அந்த அளவுக்கு இவ்வளவு பூஞ்சை பொருந்தாது. மானியைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சேறு போலக் குழையும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுக்க வைக்க வேண்டும். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நின்றுவிடும். உப்புக் கரைசலின் இயல்பு அது. இவர்கள் மானி 69 காட்டியது. அதாவது ஆறு குறைத்துச் சொல்கிறது. அறையின் உண்மையான ஈரப்பதம் 68, மாலையில் துணி காயும் நேரத்தில் 75க்கும் மேல்.

68 சதவீதத்திலேயே பூஞ்சை வருமா என்று மகன் கேட்டார். அறையின் நடுவில் இருக்கும் ஈரப்பதம் பூஞ்சைக்கு ஒரு பொருட்டில்லை; சுவரின் மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. அறைக் காற்று 26 டிகிரி, 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று 23 டிகிரியில் இருக்கும் சுவரைத் தொடும்போது ஈரப்பதம் 83 சதவீதத்தை எட்டிவிடும். மேற்பரப்பில் 80 சதவீதம் நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சைக்குப் போதும். தண்ணீர் சொட்ட வேண்டியதில்லை. பீரோ சுவரோடு ஒட்டி நின்றதால் அந்த இடத்தில் காற்றோட்டமும் இல்லை, சுவர் சூடாகவும் வழியில்லை.

அடுத்த கேள்வி, ஈரம் காற்றிலிருந்து வருகிறதா, சுவருக்குள்ளிருந்தா? இதைப் பிரித்துப் பார்க்காமல் கருவி வாங்குவது வீண். பாத்திரம் மூடும் அலுமினியத் தாளைச் சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் மூன்று இடங்களில் ஒட்டினோம். சில நாட்கள் கழித்துப் பிரித்தபோது பீரோவின் பின்புறம் ஒட்டியதில் அறைப்பக்கம் மட்டும் மங்கலாக ஈரம், சுவர்ப்பக்கம் உலர்ந்திருந்தது. அது காற்றின் ஈரம். ஜன்னலுக்குக் கீழே ஒட்டியதும் அப்படித்தான். சிறிய அறையின் கீழ் மூலையில் ஒட்டிய தாளில் மட்டும் சுவர்ப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அந்த மூலையில் காரை உப்புப் பூத்து, பெயின்ட் உப்பி உரிந்திருந்தது. அது ஓதம். எந்த டீஹியூமிடிஃபையரும் அதைத் தீர்க்காது. வெளியே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் தீர வேண்டும்.

சிறிய கருவி ஏன் தோற்றது

பெல்டியர் கருவி உண்மையிலேயே சத்தம் போடவில்லை. ஒரு சின்ன ஃபேன் மட்டும் சுற்றும். ஆனால் ஒரு நாளைக்கு அது பிடித்த தண்ணீர் ஒரு டம்ளர் அளவுதான். ஒரு தடவை மெஷினில் துவைத்த துணிகள் உள்ளேயே காய்ந்தால் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். இரண்டு பேர் இரவு முழுக்க விடும் மூச்சும் வியர்வையும் சேர்ந்தால் அரை லிட்டருக்குக் குறையாது. பூட்டிய பீரோவின் உள்ளே வைக்க இந்தச் சிறிய கருவி சரி, அறைக்கு ஆகாது. அமைதியாக இருந்ததற்குக் காரணம் அது வேலை செய்யாததுதான் என்று மருமகள் சொன்னார். எனக்கும் அதில் கருத்து வேறுபாடு இல்லை.

இரவல் கருவியும் பாட்டியின் தூக்கமும்

இரவல் கருவியின் பெட்டியில் 38 டெசிபல் என்று அச்சிட்டிருந்தது. அப்படியானால் பாட்டி ஏன் விழிக்கிறார்? அவரையே கேட்டேன். "ஃபேன் சத்தம் எனக்கு ஒண்ணும் பண்ணல தம்பி. படுத்தா கட்டிலுக்குள்ள இருந்து யாரோ முனகுற மாதிரி இருக்கு. அது நின்னா நிம்மதின்னு பாத்தா, கொஞ்ச நேரத்துல திடுக்குனு மறுபடி ஆரம்பிக்குது."

பாட்டியின் இந்தப் பேச்சில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. மூன்றாவது ஒன்று பிறகு தெரிந்தது.

முதலாவது முனகல். கம்ப்ரஸரின் அதிர்வு, மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் இடத்தில் 100 ஹெர்ட்ஸிலும், 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 120 ஹெர்ட்ஸிலும் வலுவாக வரும். பெட்டியில் போடும் டெசிபல் பெரும்பாலும் 'ஏ' நிறையிட்ட அளவு. மனிதக் காது தாழ்ந்த ஒலியை மந்தமாகக் கேட்கும் என்பதால், 100 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 19 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுவார்கள். அமைதியான இரவில், கட்டிலில் காது வைத்துப் படுத்திருப்பவருக்கு அந்தக் கழித்தல் உதவாது. கருவி ஒரு மரப்பலகை மேல் நின்றது. பலகை கட்டில் காலையும் பீரோவையும் ஒட்டியிருந்தது. பீரோவின் பூட்டில் தொங்கிய சாவிக்கொத்து, கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. விரலால் பிடித்ததும் நின்றது, விட்டதும் மறுபடி நடுங்கியது. பலகையை எடுத்துவிட்டு, தடித்த ரப்பர் மேட் போட்டு, கருவியைச் சுவரிலிருந்தும் கட்டிலிலிருந்தும் விலக்கித் தரையில் வைத்தோம். சாவி அடங்கியது. முனகல் முழுதாகப் போகவில்லை. ஆனால் கட்டிலுக்குள் வருவது நின்றது.

இரண்டாவது, நின்று நின்று ஓடுவது. ஒரே சீராக வரும் சத்தத்துக்குத் தூக்கம் பழகிவிடும். திடீரென்று தொடங்கும் சத்தத்துக்குப் பழகாது. இரவல் கருவியில் 50 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். அறை அந்த அளவைத் தொட்டு நிற்கும், ஈரம் கொஞ்சம் ஏறியதும் கம்ப்ரஸர் உதறிக்கொண்டு கிளம்பும்.

மூன்றாவதைப் பாட்டி சொல்லவில்லை, நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டது: காலி டேங்கின் பிளாஸ்டிக் அடியில் விழும் சொட்டுச் சத்தம். டேங்கில் இரண்டு விரல் தண்ணீர் சேர்ந்ததும் அது அடங்கிவிட்டது.

அச்சிட்ட எண்களைப் பற்றி

மகன் அதற்குள் பல கருவிகளின் டெசிபலை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். மிகக் குறைவானது 34, அதிகமானது 52. அந்த வரிசை பெரிதாகப் பயன்படவில்லை, காரணம் எல்லா எண்ணும் ஒன்றையே அளக்கவில்லை. சிலர் ஒரு மீட்டர் தூரத்தில் காதுக்கு வரும் ஒலி அழுத்தத்தைச் சொல்வார்கள். சிலர் கருவி மொத்தமாக வெளியிடும் ஒலித்திறனைச் சொல்வார்கள். தரையில் நிற்கும் ஒரே கருவிக்கு இந்த இரண்டாவது எண் சுமார் 8 டெசிபல் கூடுதலாக இருக்கும். அதனால் ஒலித்திறன் 48 என்று நேர்மையாக எழுதிய கருவி, எப்படி அளந்தோம் என்று சொல்லாமல் 42 என்று எழுதியதைவிட அமைதியானதாக இருக்கலாம். இன்னொன்று, பெரிய எழுத்தில் போடுவது மிகக் குறைந்த ஃபேன் வேகத்தின் எண். அந்த வேகத்தில் எத்தனை லிட்டர் எடுக்கும் என்பது எங்கும் இருக்காது.

10 டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட சமூக இரைச்சல் வழிகாட்டுதல்களில் படுக்கையறைக்குள் சீரான சத்தத்துக்கு இரவில் 30 டெசிபல் என்ற வரம்பைச் சொல்லியிருக்கிறது. அறை அளவுக்குப் போதுமான திறனுள்ள கம்ப்ரஸர் கருவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அந்த வரம்புக்குள் நிற்பது நடக்கிற காரியமில்லை. இந்த இடத்தில்தான் கேள்வியையே திருப்பிப் போட்டோம். இரவில் சத்தமில்லாமல் ஓடும் கருவி எது என்பதை விட்டுவிட்டு, இரவில் ஓடவே தேவையில்லாதபடி பகலில் வேலையை முடிக்கும் கருவி எது என்று தேடினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பெரிய கருவி. சின்னது என்றால் சத்தம் குறைவு என்று பலரும் நினைப்பதற்கு இது நேர் எதிர். சின்னக் கருவி இரவும் பகலும் முழு வேகத்தில் மூச்சுத் திணறி ஓட வேண்டியிருக்கும். பெரியது சில மணி நேரத்தில் முடித்துவிட்டு நிற்கும், அல்லது குறைந்த வேகத்தில் ஓடும். எழுதியிருக்கும் லிட்டரையும் அப்படியே நம்பக் கூடாது. பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது 30 டிகிரி, 80 சதவீதத்தில் ஒரு நாளைக்கு எடுக்கும் அளவு. வீட்டு அறையில், 27 டிகிரி 60 சதவீதத்தில், அதில் ஏறக்குறைய பாதிதான் வரும். அமெரிக்காவில் 2019இல் சோதனை வெப்பநிலையைச் சுமார் 18 டிகிரிக்கு இறக்கியபோது, அதுவரை 70 பைன்ட் (ஒரு பைன்ட் சுமார் அரை லிட்டர்) என்று விற்ற கருவிகள் ஒரே இரவில் 50 பைன்ட் ஆகிவிட்டன. கருவியில் ஒரு திருகுகூட மாறவில்லை. இரண்டு அறைகள், ஒரு கொடித் துணி என்ற கணக்குக்கு 20 லிட்டர் வகையைத் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டாவது, கம்ப்ரஸரா டெசிகன்ட்டா? டெசிகன்ட் வகையில் கம்ப்ரஸரே கிடையாது. சியோலைட் என்ற கனிமம் கொண்ட சக்கரம் ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் அதை உலர்த்தும். முனகல் இல்லை, எடையும் குறைவு. பாட்டிக்கு இதுதான் சரி என்று முதலில் தோன்றும். ஆனால் அது வெளிவிடும் காற்று உள்ளே போனதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும், மின்சாரமும் அதிகம் பிடிக்கும். அறை 15 டிகிரிக்குக் கீழே போகும் வீடுகளில் கம்ப்ரஸரின் குளிர்ச்சுருளில் பனி உறைந்து திறன் விழும். அங்கே டெசிகன்ட்தான் பொருத்தம். இந்த அறைகள் 24 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. கம்ப்ரஸர் என்று முடிவானது.

மூன்றாவது முடிவுதான் எல்லாவற்றையும்விட அதிகம் மாற்றியது: கருவியின் இடம் சிறிய அறை. ஈரம் பிறப்பது அங்கே, கொடியில். நடுக்கதவு திறந்தே கிடந்ததால் அது படுக்கையறைக்குப் பரவி, சில்லென்ற சுவரில் படிந்துகொண்டிருந்தது. பகலில் நடுக்கதவைத் திறந்து, ஜன்னல்களை மூடி, கருவியை முழு வேகத்தில் ஓட்டுவது. மாலையில் துணி காயும்போது நடுக்கதவை மூடிவிடுவது. இரவு படுக்கும் நேரத்தில் டைமர் அதை நிறுத்திவிடும். மிக ஈரமான நாளில் இரவிலும் ஓட வேண்டி வந்தால், மூடிய கதவுக்கு அப்பால் ஓடும். கதவு நன்றாகப் பொருந்தி, கீழ் இடுக்கில் ரப்பர் பட்டை இருந்தால் சத்தம் 20 டெசிபல் வரை குறையும்.

வாங்கும்போது கேட்ட மற்றவை சின்னவைதான், ஆனால் தினமும் உரசக்கூடியவை. குழாய் மாட்டித் தண்ணீரைத் தானாக வெளியேற்ற வசதி வேண்டும்; சொட்டுச் சத்தமும் போகும், டேங்க் நிறைந்து நின்றுவிடும் தொல்லையும் போகும். கரண்ட் போய் வந்தால் பழைய அமைப்பிலேயே தொடர வேண்டும். சில கருவிகள் அணைந்தே கிடக்கும். குறித்த ஈரப்பதத்தைத் தொட்டதும் ஃபேனும் நிற்க வேண்டும். சிலவற்றில் கம்ப்ரஸர் நின்றாலும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். பீப் ஒலியை அணைக்க முடிய வேண்டும். கடைசியாக, கடையில் கருவியை ஓடவிட்டுக் கேட்டார்கள். இரைச்சலான கடையில் காதால் ஒன்றும் தெரியாது என்பதால், மருமகள் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தார். ஒன்றுபோல விவரம் எழுதிய இரண்டு கருவிகளில் ஒன்று கையில் கூசியது, மற்றது கூசவில்லை. இரண்டாவதை வாங்கினார்கள்.

ஓட்டத் தொடங்குமுன்

கருவி பூஞ்சையைக் கொல்லாது, வளராமல் தடுக்கும், அவ்வளவுதான். எனவே சுவரை முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தார்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்தார்கள். வண்டியில் படுக்கவைத்து வந்த கருவியைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டே சுவிட்ச் போட்டார்கள்.

முதல் வாரங்கள்

முதல் நாள் தண்ணீரைப் பார்த்து எல்லோருக்கும் ஆச்சரியம். அளவு தெரிவதற்காக அன்று குழாய் மாட்டவில்லை. டேங்க் மாலைக்குள் நிறைந்து நின்றுவிட்டது, இரவுக்குள் இன்னொரு முறை பாதி நிறைந்தது. மகன் கணக்குப் போட்டார். படுக்கையறையின் கன அளவு சுமார் 34 கன மீட்டர். 26 டிகிரி, 80 சதவீதத்தில் அந்தக் காற்றில் இருக்கும் மொத்தத் தண்ணீர் முக்கால் லிட்டர்கூட இல்லை. 55 சதவீதத்துக்கு இறக்க எடுக்க வேண்டியது கால் லிட்டருக்கும் கீழே. அப்படியானால் இந்த லிட்டர்கள் எங்கிருந்து வந்தன?

மெத்தையிலிருந்து, புத்தகங்களிலிருந்து, பீரோவின் துணிகளிலிருந்து, சுவர்க் காரையிலிருந்து. மாதக்கணக்கில் அவை குடித்து வைத்திருந்த ஈரம் அது. காற்று உலர்ந்ததும் அவை திருப்பிக் கொடுக்கின்றன. இது புரியாததால்தான் பலர் முதல் வாரத்திலேயே கருவி சரியில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். இங்கேயும் முதல் சில இரவுகளில் அப்படித்தான் தோன்றியது: படுக்கும்போது 55 என்று நிறுத்தினால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் 68ஐத் தொட்டது. பாட்டி, "இதுக்கா இவ்வளவு செலவு" என்றார்.

அதன் பிறகு பாட்டியையும் பேத்தியையும் மாடியில் படுக்கவைத்து, இரவும் பகலும் ஓட்டினார்கள். இது முக்கியமான ஏற்பாடு. ஊறிய ஈரத்தை வெளியே எடுக்கும் காலத்தில் கருவி ஓயாமல் ஓடித்தான் ஆக வேண்டும். அப்போது அமைதியை எதிர்பார்த்து வேகத்தைக் குறைத்தால் அந்தக் காலம் நீண்டுகொண்டே போகும். மூன்றாவது வாரத்தில் தண்ணீர் வரத்து தெளிவாகக் குறைந்தது. கீழே இறங்கி வந்து படுத்தார்கள்.

ஒரு பக்க விளைவும் தெரிந்தது. பகல் முழுக்க ஓடிய பின் சிறிய அறை புழுங்கியது. ஒரு லிட்டர் நீராவி தண்ணீராக மாறும்போது விடும் வெப்பம் சுமார் 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்; கருவி இழுக்கும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் அறையில் சேரும். படுக்கையறையில் இரவில் ஓட்டாததற்கு இதுவும் ஒரு நல்ல காரணமாயிற்று.

விளைவு

இரண்டாவது மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், படுக்கும்போது 54 சதவீதம் இருந்த படுக்கையறை விடியும்போது 61. மெத்தையும் சுவரும் இப்போது உலர்ந்திருப்பதால் மூச்சின் ஈரத்தை அவை வாங்கிக்கொள்கின்றன. காற்றில் ஈரப்பதம் மெதுவாகவே ஏறுகிறது. கருவி இரவில் ஓடுவதில்லை. பாட்டியிடம் சத்தத்தைப் பற்றிக் கேட்டபோது, "அது இன்னும் இருக்கா?" என்றார்.

பீரோவின் பின்சுவரில் புதிய புள்ளிகள் வரவில்லை. வாடை போய்விட்டது; புத்தக அலமாரியில் மட்டும் லேசாக மிச்சம். பேத்தியின் தும்மல் குறைந்திருக்கிறது, ஆனால் அதே மாதத்தில் பழைய தலையணைகளையும் மாற்றியதால் எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சிறிய அறையின் கீழ் மூலை எதிர்பார்த்தபடியே உலரவில்லை. வெளிச்சுவரில் மழைநீர் இறங்கும் குழாயின் இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் அஸ்திவாரத்தின் ஓரத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பர் அதைச் சரிசெய்தார். நனைந்த கட்டுமானம் உலர மாதங்கள் ஆகும் என்பதால் அங்கே இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

வரிசை மாற வேண்டும். உப்புச் சோதனையும் அலுமினியத் தாளும் எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியவை. அந்தக் குழாய் இணைப்பும் முதலிலேயே அகப்பட்டிருக்கும். இரவல் கருவி கிடைப்பது நல்ல வாய்ப்பு. அதை வைத்து அறைக்கு எவ்வளவு திறன் தேவை என்று அளந்துவிடலாம், அதற்காக அதனுடனேயே தூங்க வேண்டியதில்லை.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பதை இந்த வீட்டில் மாதக் கடைசிவரை தள்ளிப்போட்டார்கள். தூசி அடைத்ததும் ஃபேன் சத்தம் கூடியது, தண்ணீர் குறைந்தது; கருவி பழுதாகிவிட்டது என்று எனக்கு ஃபோன் வந்தது. கழுவி மாட்டியதும் பழைய நிலைக்கு வந்தது. இப்போது நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

மழை ஓய்ந்து காற்று வறண்டால் 55 என்ற அளவையும் மாற்ற வேண்டும். வெளிக்காற்று உலர்ந்திருக்கும் நாளில் ஜன்னலைத் திறந்தாலே போதும், கருவிக்கு வேலை இல்லை. ஈரப்பதம் 40க்குக் கீழே போனால் பாட்டிக்குத் தொண்டை வறளும். இரண்டாவது மானி ஒன்றைப் பீரோவின் பின்னால் வைத்திருக்கிறோம்; கருவியின் முகப்பில் தெரியும் எண்ணைவிட அது பெரும்பாலும் ஐந்தாறு கூடுதலாகவே இருக்கிறது. ஓட்டுவதா நிறுத்துவதா என்பதை இனி அந்த மானியைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.